முப்பதாவது படிவம்

முப்பதாவது படிவம் ஈரமாக வந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு வாசல் மிதியடியின் மேல் கிடந்ததை லினெட் குனிந்து எடுத்தபோது காகிதம் தொளதொளவென்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான்கு நாட்களாக மழை இல்லை. தபால்காரர் காலையிலேயே வந்து போய்விட்டார். யாரோ கையோடு கொண்டுவந்து கதவின் தபால் துளைக்குள் தள்ளியிருக்கிறார்கள். அப்படித் தள்ளினால் துளையின் பித்தளை மூடி அடித்துக்கொள்ளும் சத்தம் தோட்டத்துக் கடைசி வரை கேட்கும். அவள் பத்தடி தள்ளிச் சமையலறையில்தான் இருந்தாள், எதுவும் கேட்கவில்லை. காகிதத்தில் ஓடையின் அடிமண்ணைக் கிளறினால் வருமே, அந்த வாடை இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆறு வாரமாக அவளுக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல்தான்.

ஹெசல்விக்கில் மொத்தம் அறுபத்திரண்டு வீடுகள். அவள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் தொடங்கும் பள்ளத்து வயலில் நூற்று எண்பது வீடு கட்டப் போவதாக ஒரு கம்பெனி அக்டோபரில் ஊர்மன்றத்தில் படம் மாட்டிக் காட்டியது. படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். தடுக்க ஒரே வழிதான் இருந்தது. ஒரு நிலத்தில் ஊரார் இருபது வருடம் தங்கள் பாட்டுக்கு நடமாடியிருந்தால், அதுவும் பூட்டை உடைக்காமல், ஒளிந்து மறையாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடமாடியிருந்தால், அதை ஊர்ப் பொதுப் புல்வெளியாகப் பதியச் சொல்லி கவுன்சிலிடம் கேட்கலாம். பதிந்துவிட்டால் அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது. ஆனால் கம்பெனி வீடு கட்டும் மனுவைப் போட்டு அது அறிவிப்பாகிவிட்டால் இந்த வழி மூடிவிடும். திங்கட்கிழமை போடுகிறார்கள் என்று பேச்சு. வெள்ளி மதியத்துக்குள் கொடுங்கள், முப்பது பேருடைய வாக்குமூலமாவது இல்லாமல் வராதீர்கள், எல்லோரும் ஊருக்குள் வீட்டு முகவரி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று கவுன்சில் அலுவலர் ப்ளைத் போனில் சொல்லியிருந்தார்.

அறுபத்திரண்டு வீட்டில் முப்பது பேர் கிடைக்க மாட்டார்களா? கிடைத்தார்கள். அனுமதி என்ற ஒரு சொல்தான் ஊரைக் கவிழ்த்தது. இந்த ஊரில் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்தால் மிதிபட்டவர் மன்னிப்புக் கேட்பார். பதினொரு படிவங்களில் மணிமணியான கையெழுத்தில், 'பண்ணைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் போவேன்' என்று எழுதியிருந்தது. ஒருவர், 'கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் ஜாமும் கொடுத்து நன்றி சொல்வேன்' என்று சேர்த்திருந்தார். கேட்டுப் போனால் அது உரிமை ஆகாது, கேட்காமல் போயிருக்க வேண்டும் என்று அவள் வாசல் வாசலாய்ப் போய்ச் சொன்னாள். "அது மரியாதையா இருக்காதே, லினெட்" என்றார்கள். பதினொன்றும் குப்பைக்குப் போயின.

பக்கத்து வீட்டு வின்ஸ் டட்டனம் படிவத்தை வாங்கவே இல்லை. வேலியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா லினெட், என் பையனுக்கு முப்பத்தி நாலு வயசு. இன்னும் சின்னப் பிள்ளைல படுத்த கட்டில்லதான் கால மடக்கிப் படுக்கிறான். நூத்தி எம்பதுல ஒண்ணு அவனுக்குக் கிடைச்சா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"வயல் போகுது."

"வயல்ல உனக்கு என்ன இருக்கு? புல்லும் தண்ணியும்."

என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்ல முடியாது. அவள் கணவன் ரோலண்ட் அங்கேதான் இருந்தான். ஆறு வருடம் முன்பு ஒரு மார்ச் மாத விடியலில், யாரையும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், கீழ்வேலியோரம் போய் அவன் சாம்பலைத் தூவிவிட்டு வந்தாள். முப்பது வருடத் தோழி மாரியனுக்குக்கூடத் தெரியாது. கம்பெனியின் படத்தில் அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் போட்டிருந்தது.

இப்போது இருபத்தொன்பது படிவங்கள் கையில் இருந்தன. முப்பதாவதை அவள் ஹீட்டரின் மேல் விரித்துக் காயப்போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பெயர் என்ற இடத்தில் ஜோப் லீச். முகவரி என்ற இடம் காலி. பழுப்பு மையில் பெரிய பெரிய எழுத்துக்கள், கையில் வலுவிருந்தும் பழக்கமில்லாத ஒருவர் எழுதியது மாதிரி.

எத்தனை வருடமாக இந்த நிலத்தைப் பயன்படுத்துகிறீர்கள்? எப்போதும்.

எதற்காக? நிற்க.

யாரிடமாவது அனுமதி கேட்டதுண்டா? இல்லை.

ஒளிந்து சென்றதுண்டா? இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள்.

உங்களை ஏதாவது தடுத்ததுண்டா? வாசல்.

அங்கே வேறு யாரையாவது பார்த்ததுண்டா? ஒரு மார்ச் காலையில் ஒரு பெண் ஒருவரைக் கொண்டுவந்து தூவினாள். நன்றி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹீட்டரின் சூட்டில் காகிதத்திலிருந்து ஆவி எழுந்து, சமையலறை முழுக்க அந்த ஓடை வாடை பரவி, ரொட்டிப் பெட்டி வரை போயிற்று. யாரோ பார்த்திருக்கிறார்கள். அவள் மண்டியிட்டு அழுததையும், காற்று திரும்பி அடித்துச் சாம்பல் கோட்டில் படிந்ததையும், அதைத் தட்டிவிட மனமில்லாமல் அப்படியே நடந்து வந்ததையும். முகம் சுட்டது. மாரியனுக்குப் போன் போட்டாள்.

"ஜோப் லீச்னு நம்ம ஊர்ல யாராவது இருக்காங்களாடி?"

"லீச்சா? கேள்விப்பட்டதில்லையே. பழைய ரயில் பாதை பக்கம் ஒரு கேரவன் வண்டி நின்னுச்சே, அதுல குடியிருந்த ஆளா இருக்குமோ? ஏன், படிவம் குடுத்திருக்காரா? முப்பது ஆயிடுச்சா?"

"முகவரி எழுதல."

"போய்க் கேளேன்."

"கேரவன் போய் ஒரு வருஷம் ஆச்சு, மாரியன். வீட்டு முகவரி இல்லைன்னா அந்த ப்ளைத் எடுத்துக்க மாட்டான்."

"அப்போ போச்சா?" என்றாள் மாரியன்.

போச்சு. ஒரே ஒரு வரியால். அறுபத்திரண்டு வீட்டில் ஒருவருக்கும் தானாக எழுதத் தெரியாத பதில்களை, எங்கிருந்தோ வந்த ஒருவன் ஒரு பிசகும் இல்லாமல் எழுதியிருக்கிறான். அனுமதி கேட்டாயா, இல்லை. ஒளிந்தாயா, இல்லை. கவுன்சிலுக்குத் தேவை இதுதான், இதைத்தான் ஆறு வாரமாக ஒவ்வொருவரிடமும் தொண்டை கிழியக் கத்தினாள். அவள் பேனாவை எடுத்தாள். வாழ்க்கையில் ஒரு பார்க்கிங் அபராதம்கூட வாங்காதவள். முகவரி என்ற இடத்தில் தன் வீட்டு முகவரியை எழுதினாள்.

அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கவுன்சில் அலுவலகத்தில் ப்ளைத் ஒவ்வொரு படிவமாகப் புரட்டினார். மெலிந்த மனிதர், சளி பிடித்திருந்தது. முப்பதாவதில் நின்றார்.

"இவரும் உங்க முகவரிதானா, மேடம்?"

"ஆமா."

"சொந்தக்காரரா?"

"குடியிருக்கார்."

"அப்போ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. வாக்காளர் பட்டியல்ல பேர் இல்லை, பின்னால கம்பெனி வக்கீல் நோண்டுவாரு." அவர் ஒரு சீட்டை நீட்டினார். அதில் அச்சடித்திருந்தது: மேற்படி நபர் என் வீட்டில் என் முழுச் சம்மதத்துடன் குடியிருக்கிறார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். ப்ளைத் முத்திரை குத்தினார். மனு ஏற்கப்பட்டது, விசாரணை முடியும்வரை வயலில் யாரும் கை வைக்க முடியாது என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு வாழ்த்தும் சொன்னார். அவள் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது மூன்றரை. நவம்பர் கடைசி, வானம் அதற்குள் சாம்பல் பூத்துவிட்டது. கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. நேற்றைய படிவத்தின் வாடை இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு காலணியைக் கழற்றினாள். காலுறை நனைந்தது. வாசலுக்கு வெளியே போட்டிருந்த மிதியடி உலர்ந்திருந்தது. உள்ளே இருந்ததுதான் சொதசொதவென்று ஊறியிருந்தது. குழாய் கசிகிறதா என்று மாடிக்குப் போய்க் குளியலறையைப் பார்த்தாள். குழாய் சரியாக இருந்தது. கொக்கியில் மாட்டியிருந்த துண்டு மட்டும் கனத்துத் தொங்கியது, யாரோ தலை துவட்டியது மாதிரி. அதன் ஓரத்தில் ஒரு நீண்ட பாசி இழை ஒட்டியிருந்தது.

காலையில் நானே தரையைத் துடைத்திருப்பேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். துடைக்கவில்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கீழே வந்து கெட்டிலைப் போட்டுவிட்டு, கவுன்சிலில் எடுத்த நகல்களை மேசையில் பரப்பினாள். வேலை செய்தால் மனம் அடங்கும். இதுவரை அனுமதிக் கேள்வியை மட்டும்தான் சரிபார்த்திருந்தாள், மற்றவற்றைப் படிக்க நேரமில்லை. இப்போது படித்தாள். அங்கே வேறு யாரையாவது பார்த்ததுண்டா?

மாரியன் எழுதியிருந்தாள்: 'நாய் கூட்டிவருபவர்கள், குழந்தைகள். ஓடையோரம் நிற்கும் அந்த உயரமான மனிதர். பெயர் தெரியாது.'

அடுத்தது: 'கீழ்வேலியோரம் ஒருவர். கையசைத்தால் திருப்பி அசைக்க மாட்டார். தனிமை விரும்பி போலும்.'

அடுத்தது: 'ஒரு மனிதர். அறிமுகம் இல்லாததால் பேசியதில்லை.'

அவள் வேகமாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் இருந்தார். இருபத்தெட்டு பேர் எழுதியதிலும். ஊர் மொத்தமும் பார்த்திருக்கிறது. இருபது வருடம். கேட்டால் மரியாதையாக இருக்காது என்று ஒருவரும் இன்னொருவரிடம் கேட்கவில்லை. இருபத்தொன்பதாவது அவளுடையது. அவள் அந்தக் கேள்விக்கு 'பலரை' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆனால் அவளும் பார்த்திருந்தாள். கொல்லை ஜன்னலில் பாத்திரம் கழுவும்போது பார்த்திருந்தாள். பண்ணைக்காரரின் ஆள் என்று நினைத்திருந்தாள்.

ஒவ்வொரு படிவத்தின் பின்னாலும் வயலின் வரைபடம் உண்டு. எங்கே பார்த்தீர்கள், எந்த வருடம் என்று புள்ளி வைக்க வேண்டும். அவள் ஒரு சுத்தமான வரைபடத்தை எடுத்து எல்லாப் புள்ளிகளையும் அதில் இட்டாள். முப்பது வருடம் கால்நடை மருத்துவமனையில் பதிவேடு பார்த்தவள், கை தானாக ஓடியது. 2004, ஓடைக்குள். 2009, ஓடைக்கரை. 2013, கருவாலி மரம். 2019, கீழ்வேலி. அதற்குப் பிறகு புள்ளிகள் நெருக்கமாக, வேகமாக, மேட்டில் ஏறி வந்தன. மார்ச் சாம்பலுக்குப் பிறகு. போன மாதம் ஒருவர் வைத்த கடைசிப் புள்ளி வயலுக்குள்ளேயே இல்லை. அவள் கொல்லைக் கதவின் மேல் இருந்தது.

தடுத்தது எது? வாசல்.

இரண்டாவது முறை போட்ட கெட்டில் கொதித்து அடங்கியது. அந்த அமைதியில்தான் மாடியில் கட்டில் முனகியது. ரோலண்ட் கடைசி நான்கு மாதம் படுத்திருந்த அறை. படுத்திருப்பவர் எழுந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தரையில் வைக்கும் சத்தம். நான்கு மாதம் ஒவ்வொரு இரவும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்த சத்தம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனம் துள்ளியது. பிறகு நீர் சொட்டுவது கேட்டது.

நாலு நாற்பது. கவுன்சில் ஐந்து மணிக்குப் பூட்டும். வாசல் கதவுக்குப் போக மாடிப்படியின் அடியைக் கடக்க வேண்டும். அவளால் முடியவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் வயல், அங்கே இருட்டிவிட்டது. போனை எடுத்தாள். நீங்கள் வரிசையில் நான்காவதாக இருக்கிறீர்கள் என்றது ஒரு குரல். பிறகு ஏதோ பியானோ இசை.

வாபஸ் வாங்கினால் இருபத்தொன்பது. வயல் போய்விடும். ரோலண்டின் மேல் தார் ஊற்றுவார்கள். இத்தனை வாசல் ஏறி, இத்தனை பேரிடம் கெஞ்சி, இத்தனை ஜாம் பாட்டில்களைச் சகித்துக்கொண்டு. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போகட்டும். எல்லாம் போகட்டும். இது போனால் போதும்.

மூன்றாவதாக இருக்கிறீர்கள்.

மாடியில் ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி.

இரண்டாவதாக இருக்கிறீர்கள்.

படிக்கட்டு. மேலிருந்து மூன்றாவது படி எப்போதும் கிறீச்சிடும். கிறீச்சிட்டது. அவள் சுவரோடு ஒட்டி நின்று, சமையலறை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. அதற்கும் பின்னால் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ப்ளைத் பேசறேன்."

"நான் லினெட் பாஸ்க். ஹெசல்விக். ஒரு படிவத்தை வாபஸ் வாங்கணும். முப்பதாவது. ஜோப் லீச்."

"காலைலதானே மேடம் குடுத்தீங்க?" அவர் மூக்கை உறிஞ்சினார். "அது போனா எண்ணிக்கை குறையுதே. மனுவே நிக்காது."

"தெரியும். எடுத்துடுங்க. தயவுசெஞ்சு."

நடையில் ஈரப் பாதம். மெதுவாக. வீட்டில் குடியிருப்பவர் நடப்பது போல.

"நீங்க சொல்லி எடுக்க முடியாதே, மேடம். அது அவரோட வாக்குமூலம்."

"அப்படி ஒரு ஆளே இல்லை. முகவரிய நான்தான் எழுதினேன். பொய். நான் பொய் எழுதினேன்."

"மேடம், அவர் உங்க சம்மதத்தோட குடியிருக்கார்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சண்டை கிண்டையா? வீட்டை விட்டு அனுப்பணும்னாகூட இருபத்தெட்டு நாள் நோட்டீஸ் குடுக்கணும், அது எங்க பிரிவு இல்லை."

"நான் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"எழுதிக் குடுங்க. திங்கட்கிழமை."

வாடை. ஓடை. அடிமண். பனிக்காலத்துக் குளிர், ஹீட்டர் எரியும் அறையில், பிடரியில். மூச்சு இல்லை. அதுதான். இத்தனை அருகில், மூச்சு இல்லை. தோளில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

"மேடம், இருக்கீங்களா? இதைச் சுலபமா முடிச்சிடலாம்" என்றார் ப்ளைத், வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், கனிவாகவே. "மிஸ்டர் லீச் பக்கத்துல இருக்காரா? இருந்தா போனை அவர்கிட்ட குடுங்க. வாய்வார்த்தையே போதும்."

அவள் கண்ணைத் திறந்தாள். தோளுக்கு மேலாக, பின்னாலிருந்து, ஒரு நீண்ட கை வந்து நின்றது. சேறு ஒழுகும் கை. பறிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, மிகுந்த மரியாதையோடு, அவள் கொடுப்பதற்காகக் காத்திருந்தது.